கமோடை மாற்ற யார் வரவேண்டும்?

டியூப் லைட் போனால் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிவிடுவார்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கடைக்குப் போய் கெப்பாசிட்டர் வாங்கி வந்து மாட்டுவார்கள். பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார்கள். தமிழ்நாட்டு நடுத்தர வர்க்க வீடுகளில் "இதுக்குப் போய் ஆளைக் கூப்பிடணுமா, நானே பண்ணிடறேன்" என்கிற வீராப்புக்கு என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை.

ஆனால் அதே வீட்டில் கமோடில் ஒரு விரிசல் விழட்டும், அடியில் தண்ணீர் கசியட்டும்... ஸ்டூல் போட்டு ஏறிய அத்தனை பேரும் காணாமல் போய்விடுவார்கள். "பிளம்பருக்குப் போன் போடு" என்று ஒரு குரல் மட்டும் எங்கிருந்தோ வரும். பிளம்பர் "நாளைக்கு வரேன் சார்" என்பார். அந்த நாளை வருவதற்கு ஒரு வாரம் ஆகும். அதுவரை கசியும் இடத்தில் பழைய துணியைச் சுற்றிவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்வருவார்கள்.

ஏன் இப்படி? கஷ்டமான வேலை என்பதாலா? அப்படியும் சொல்ல முடியாது. ஃபேனில் ஓடுவது 230 வோல்ட். கை தவறினால் உயிர் போகும். கமோடை மாற்றுவதில் கரண்ட் இல்லை, நெருப்பு இல்லை. அதிகபட்சம் ஒரு பீங்கான் உடையும், கொஞ்சம் தண்ணீர் கசியும், முதுகு பிடித்துக்கொள்ளும். உயிரை எடுக்கக்கூடிய வேலையைத் துணிந்து செய்கிறவர், முதுகு மட்டும் பிடிக்கக்கூடிய வேலைக்குப் பின்வாங்குகிறார். ஆக, இது திறமை பற்றிய விஷயமும் இல்லை, ஆபத்து பற்றிய விஷயமும் இல்லை. "அதைத் தொடுவது என் வேலை இல்லை" என்கிற மனநிலைதான் காரணம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தப் பொருளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். தெரியாத பொருள்மேல்தான் பயமும் அருவருப்பும் அதிகம் இருக்கும்.

ஒரு வளைவு, கொஞ்சம் தண்ணீர்

வெஸ்டர்ன் டாய்லெட் என்பது உண்மையில் ரொம்ப எளிமையான பொருள். அதற்குள் மோட்டார் கிடையாது. சுடப்பட்ட பீங்கானில் ஒரு வளைவு. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் பூட்டு. சாக்கடையிலிருந்தோ செப்டிக் டேங்கிலிருந்தோ வரும் வாயு அதைத் தாண்டி வீட்டுக்குள் வராது. இதற்கு ட்ராப் என்று பெயர். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் இந்த எஸ் வடிவ வளைவோடு கூடிய டாய்லெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். கிட்டத்தட்ட 250 வருடங்கள் ஆகிவிட்டன. அடிப்படை இன்னும் மாறவில்லை.

ஃபிளஷ் அழுத்தினால் டேங்க் தண்ணீர் வேகமாக இறங்குகிறது, வளைவு நிரம்புகிறது, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு பைப்பில் போகிறது. கடைசியில் மறுபடியும் வளைவில் தண்ணீர் தேங்குகிறது. அவ்வளவுதான். ஒரு கமோடுக்கும் வீட்டுக்கும் உள்ள சம்பந்தம் மூன்றே இடங்களில். தண்ணீர் வரும் ஆங்கிள் காக், தரையில் பிடித்திருக்கும் ஸ்க்ரூ, கழிவு போகும் பைப் வாய். இந்த மூன்றையும் விடுவித்தால் பழையது வெளியே வரும். இந்த மூன்றையும் சரியாகச் சேர்த்தால் புதியது உட்காரும்.

எது செய்யலாம், எது கூடாது

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. எல்லா டாய்லெட் வேலையும் ஒன்றல்ல.

தரையில் உட்காரும் பழைய கமோடை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே மாதிரி புதியதை வைப்பது தானே செய்யக்கூடிய வேலை.

இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைப்பது அப்படி இல்லை. தாத்தா பாட்டிக்கு மூட்டுவலி வந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். இந்தியன் டாய்லெட்டில் ட்ராப் தரைக்கு அடியில் தனியாக இருக்கும். வெஸ்டர்ன் கமோடில் ட்ராப் அதற்குள்ளேயே இருக்கும். அடியில் இருப்பதை எடுக்காமல் மேலே கமோடை வைத்தால் இரண்டு ட்ராப் ஆகிவிடும், ஃபிளஷ் சரியாகப் போகாது. எனவே தரையை உடைக்க வேண்டும், பைப்பை மாற்ற வேண்டும், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைத் திரும்பப் பூச வேண்டும், டைல்ஸ் ஒட்ட வேண்டும். அதற்குக் கொத்தனாரும் வேண்டும், பிளம்பரும் வேண்டும். அடுக்குமாடி வீடு என்றால் தப்பு நடந்தால் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டும். அதேபோல சுவருக்குள் டேங்கை மறைத்துத் தொங்கவிடும் மாடலும் வீட்டு வேலை இல்லை.

செப்டிக் டேங்க் பற்றி? அதைக் கடைசியில் பார்க்கலாம். முக்கியமான விஷயமே அதுதான்.

வேலை எப்படி நடக்கிறது

வேலை கடைக்குப் போவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. கழிவு தரை வழியாக இறங்குகிறதா (எஸ் ட்ராப்), பின்பக்கச் சுவர் வழியாகப் போகிறதா (பி ட்ராப்) என்று பார்க்க வேண்டும். எஸ் ட்ராப் என்றால், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து தரைத் துளையின் நடுப்புள்ளி வரை எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளக்க வேண்டும். பொதுவாக 9 அல்லது 12 அங்குலம் இருக்கும். சில மாடல்கள் 4 அங்குலத்துக்கும் வரும். 9 அங்குலத் துளைக்கு 12 அங்குலக் கமோடை வாங்கினால் பின்பக்கச் சுவர் உட்காரவிடாது. தானே செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே. பாத்ரூம் சாமான் கடையில் கலர் காட்டுவார்கள், சாஃப்ட் க்ளோஸ் மூடி காட்டுவார்கள். அளவைக் கேட்காமலே விற்கும் கடைகளும் உண்டு.

அடுத்தது கழற்றுவது. ஆங்கிள் காக்கை மூட வேண்டும். பழைய காக் முழுதாக மூடாது என்றால் மொட்டை மாடி டேங்க் வால்வையே மூடிவிடலாம். ஃபிளஷ் செய்து டேங்கைக் காலி செய்து, வளைவில் தேங்கிய தண்ணீரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மக்கால் மொண்டு, மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். பலர் பயப்படும் கட்டம் இதுதான். ஆனால் முதல் நாளே ஆசிட் இல்லாத கிளீனர் ஊற்றிக் கழுவி நாலைந்து முறை ஃபிளஷ் செய்துவிட்டால், அங்கே இருப்பது வெறும் தண்ணீர்.

பிறகு ஹோஸ், டேங்க், தரை ஸ்க்ரூ. ஸ்க்ரூ துருப்பிடித்து அசையாமல் இருந்தால் ஆக்சா பிளேடால் அறுத்துவிடலாம். தமிழ்நாட்டு வீடுகளில் கமோடின் அடியைச் சுற்றி வெள்ளை சிமெண்ட் பூசியிருப்பார்கள். (அமெரிக்க வீடியோக்களில் பைப் வாயில் மெழுகு வளையம் வைத்துச் செய்வார்கள். இங்கே பல வீடுகளில் அது இருக்காது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) அந்தச் சிமெண்ட்டைச் சின்ன உளியால் மெதுவாகக் கொத்த வேண்டும். சுத்தியலை ஓங்கி அடித்தால் டைல்ஸ் போகும். அதைவிட மோசம், பைப் வாய் உடையும். பைப் வாய் உடைந்தால் அன்றைக்குப் பிளம்பரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கமோட் 20, 30 கிலோ இருக்கும். இரண்டு பேர் தூக்க வேண்டும். உடைந்த பீங்கான் கத்தி மாதிரி அறுக்கும். எடுத்ததும் துளையைப் பெரிய துணி வைத்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் நாற்றமும் மேலே வரும், ஸ்க்ரூவும் உள்ளே விழும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சிகரெட் கூடவே கூடாது. பைப்பிலிருந்து வரும் வாயுவில் மீத்தேன் உண்டு. (புதியதை வைப்பதற்கு முன் துணியை எடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் அதன் பலன் முதல் ஃபிளஷ்ஷிலேயே தெரியும்!)

புதியதை முதலில் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். ரசமட்டம் வைத்து ஆடுகிறதா, சாய்கிறதா என்று பார்த்து, ஸ்க்ரூ இடத்தை பென்சிலால் குறிக்க வேண்டும். பழைய துளைகளே பொருந்தினால் நல்லது. புதிதாகத் துளை போட்டால் ஆழம் ஜாக்கிரதை, அடியில் கசிவுத் தடுப்புப் பூச்சு இருக்கும். பைப் வாயில் ரப்பர் வளையம் உள்ள பேன் கனெக்டரைப் பொருத்தி, கமோடை நேராக இறக்கி, ஸ்க்ரூக்களை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரே பக்கம் வேகமாக முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும்.

ஆங்கிள் காக் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றி, ஹோஸ் மாட்டி, தண்ணீர் திறந்து, நாலைந்து முறை ஃபிளஷ் செய்து, கமோட் அடியைச் சுற்றிப் பழைய நியூஸ் பேப்பரைப் போட்டுப் பார்க்கலாம். பேப்பர் நனையவில்லை என்றால் ஜெயித்தாயிற்று. அதன்பிறகுதான் சுற்றிலும் வெள்ளை சிமெண்ட்டோ சிலிக்கானோ பூச வேண்டும். பின்பக்கம் சின்ன இடைவெளி விட்டால், பிற்காலத்தில் கசிவு வந்தால் வெளியே தெரியும். ஒரு நாள் காய விட வேண்டும். (வீட்டில் ஒரே ஒரு டாய்லெட்தான் என்றால் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது புத்திசாலித்தனம்.)

டேங்க் உள்ளே ஒழுகுகிறதா என்று பார்க்க சொட்டு நீலம் போதும். டேங்கில் நாலு சொட்டு விட்டு அரைமணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருக்க வேண்டும். கமோடில் நீலம் தெரிந்தால் வால்வு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

காமர்ஸ் கணக்கு

பணம் மிச்சமாகுமா? காமர்ஸ் படிப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நேர்மையான பதில்: பெரிதாக ஒன்றும் இல்லை.

பிளம்பர் கூலி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், முதல் தடவை செய்பவர் வாங்கும் ஸ்பேனர், உளி, சிலிக்கான், ரசமட்டம் எல்லாம் அதில் பாதியைச் சாப்பிட்டுவிடும். பிளம்பர் இரண்டு மணி நேரத்தில் முடிப்பதைப் புதியவர் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செய்வார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வாய்ப்புச் செலவு உண்டு. அதோடு ஒரு கமோட் பல வருடம் உழைக்கும். அடிக்கடி செய்யப்போகும் வேலை இல்லை இது.

மிச்சம் தண்ணீரில் இருக்கிறது. பழைய டேங்க் 10 லிட்டர் என்றால், நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 ஃபிளஷ் வீதம் 200 லிட்டர் போகும். 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பட்டன் உள்ள டேங்கில், ஆளுக்கு ஒன்று பெரியது, நாலு சின்னது என்றால் 72 லிட்டர்தான். ஒரு நாளைக்கு 128 லிட்டர் மிச்சம். வருடத்துக்கு 46,720 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட நாலு லாரி! 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது காலிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும். ஆனால் இந்த மிச்சம் பிளம்பர் மாட்டினாலும் கிடைக்கும். "தானே" என்பதற்கு இது காரணம் ஆகாது.

பிறகு என்னதான் காரணம்?

அருவருப்புக்குப் பின்னால்

1901-ல் கல்கத்தாவில் காங்கிரஸ் மாநாடு. கக்கூஸ்கள் நாறிக் கிடக்கின்றன. காந்தி தொண்டர்களிடம் சொல்கிறார். அது எங்கள் வேலை இல்லை, தோட்டியின் வேலை என்கிறார்கள். அவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்கிறார். தன் சுயசரிதையில் இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தொண்டர்கள் கெட்டவர்கள் இல்லை. நாட்டுக்காக வேலை செய்ய வந்தவர்கள். எந்த வேலையும் செய்யத் தயார், அது ஒன்றைத் தவிர!

120 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஃபேனைத் தொடுகிற கை கமோடைத் தொடாததற்கும் அந்தத் தொண்டர்கள் சொன்ன பதிலுக்கும் பெரிய தூரம் இல்லை.

ஆடம் ஸ்மித் 1776-ல் குண்டூசித் தொழிற்சாலையை உதாரணம் காட்டி, வேலையைப் பிரித்துச் செய்தால் உற்பத்தி பெருகும் என்றார். எக்கனாமிக்ஸ் வகுப்பில் எல்லோரும் படிப்பதுதான். ஆனால் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வது வேறு. மனிதர்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி, அந்தந்தத் தட்டில் ஒரு வேலையைப் பிறப்பிலேயே ஒட்டிவைப்பது வேறு. இந்த வித்தியாசத்தை அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். அது ஏனோ அந்த வகுப்பில் வருவதில்லை.

வீட்டுக்குள்ளேயும் ஒரு தட்டு இருக்கிறது. கமோடை மாற்றத் தயங்குகிற அதே வீட்டில் அதை வாராவாரம் பிரஷ் போட்டுத் தேய்ப்பது யார்? பெரும்பாலும் அம்மா. அல்லது வேலைக்கு வரும் அக்கா. அவர்களுக்கு அருவருப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. ஆக, அருவருப்புப்படும் உரிமைகூட எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை.

ஒரு நாள் பழைய கமோடைக் கழற்றி, பைப் வாயைத் துடைத்து, புதியதை உட்காரவைத்தவருக்கு இந்த மயக்கம் கொஞ்சம் கலையும். அங்கே இருந்தது பீங்கான், பைப், சிமெண்ட், தன் வீட்டாரின் கழிவு. சோப்புப் போட்டுக் கை கழுவினால் போய்விடுகிறது. எந்தத் தீட்டும் ஒட்டவில்லை. மிச்சமாகும் 1,000 ரூபாயைவிட இது பெரிய லாபம்.

"பிளம்பர் பிழைப்பு என்னாவது?"

இது நியாயமான கேள்வி. ஊரில் பத்துப் பேர் தங்கள் கமோடைத் தாங்களே மாற்றினால் பிளம்பர் பட்டினி கிடக்கப்போவதில்லை. சுவருக்குள் பைப், பம்பு, புதுக் கட்டடம் என்று அவருக்கு இருக்கும் வேலைக்கே ஆள் பற்றாக்குறை, அதனால்தான் "நாளைக்கு வரேன்". உண்மையில் ஒரு முறை செய்து பார்த்தவர்தான் பிளம்பரை மதிப்பார். குனிந்து, ஈரத்தில் முட்டி போட்டு, 30 கிலோவைத் தூக்கி, அரை அங்குலம் பிசகாமல் இறக்குவது என்னவென்று தெரிந்தவர் "ரெண்டு ஸ்க்ரூ மாட்டினதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேச மாட்டார். பாத்ரூம் கழுவ வரும் அக்காவின் சம்பளத்தில் 200 ரூபாய் குறைக்கவும் யோசிப்பார்.

வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் (ஓனர் சம்மதம் இல்லாமல் ஸ்க்ரூவைக்கூடத் தொடாதிருப்பது நல்லது) ஆளைக் கூப்பிடுவதில் தப்பே இல்லை. தெரியாது, முடியாது என்று கூப்பிடுவது ஒன்று. தொடமாட்டேன் என்று கூப்பிடுவது இன்னொன்று.

கோடு எங்கே

இப்போது செப்டிக் டேங்க்.

கமோடைத் தானே மாற்றலாம் என்பதால் டேங்கையும் தானே திறந்து இறங்கிப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. தான் இறங்கக் கூடாது என்பது மட்டுமல்ல, யாரையும் இறக்கக் கூடாது. மூடிய டேங்கில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், ஹைட்ரஜன் சல்பைடு தேங்கி நிற்கும். அளவு அதிகமானால் மூக்கு அந்த அழுகிய முட்டை நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது ஆள் மயங்கி விழுந்திருப்பார். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். செய்தித்தாளில் "இருவர் பலி", "மூவர் பலி" என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

2013-ல் வந்த சட்டம் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவதையும் தடை செய்தது. அது நகராட்சிக்கு மட்டுமான சட்டம் இல்லை. வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, சாவு நிற்கவில்லை. இறங்குகிறவர்கள் எந்தச் சாதி என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஃபிளஷ் அழுத்தியதும் எல்லாம் மாயமாகிவிடுவதாக நினைக்கிற வீட்டுக்காரர்தான், டேங்க் நிரம்பியதும் "யாராவது ஆள் இருந்தா வரச் சொல்லு, ஐநூறு ரூபாய் சேர்த்துத் தரலாம்" என்கிறார். தன் கமோடுக்கு அடியில் என்ன இருக்கிறது, பைப் எங்கே போகிறது, அதில் என்ன வாயு வருகிறது என்று ஒரு முறையாவது குனிந்து பார்த்தவருக்கு அந்த வாக்கியம் அவ்வளவு சுலபமாக வாயில் வராது. உறிஞ்சும் லாரிக்குத்தான் போன் போடுவார். லாரி வர இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் பொறுப்பார்.

எனவே அடுத்த முறை கமோட் கசியும்போது "யாரைக் கூப்பிடுவது" என்று கேட்பதற்கு முன், டேப்பை எடுத்து சுவரிலிருந்து துளை வரை எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்கலாம். கஷ்டமாக இருந்தால் பிளம்பர் இருக்கவே இருக்கிறார். கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.